நீதியை அணுகுதல் பற்றிய ஆய்வு: தலைமை ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மனித உரிமை அமைப்புகளும் பல்கலைக்கழக ஆய்வு மையங்களும் சட்ட உதவி நிறுவனங்களும் அவ்வப்போது ஓர் அறிவிப்பை வெளியிடுகின்றன. 'நீதியை அணுகுதல் குறித்த ஆய்வுக்குத் தலைமை ஏற்க வல்லுநர் தேவை' என்று அது தொடங்கும். முனைவர் பட்டம், பன்னாட்டு ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறன், நிதி வழங்குவோருடன் பணியாற்றிய பட்டறிவு ஆகியவை கட்டாயத் தகுதிகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். கடைசி வரியில், பாதிக்கப்பட்ட சமூகங்களுடன் களப்பணி செய்த அனுபவம் 'விரும்பத்தக்கது' என்று இருக்கும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த 'விரும்பத்தக்கது' என்னும் சொல்லைத்தான். தலித்துகளுக்கு எதிரான வன்கொடுமைகளில் நீதி எங்கே தடைப்படுகிறது என்பதை ஆராயப்போகிறவர்க்குக் களம் என்பது கூடுதல் தகுதியாக இருக்க முடியுமா? எந்தக் கேள்வி கேட்கப்படும், யாரிடம் கேட்கப்படும், எந்த ஆவணம் தேடப்படும் என்பவற்றையெல்லாம் ஆய்வுக்குத் தலைமை ஏற்பவரே முடிவு செய்கிறார். ஆகவே, ஆள் தேர்வு என்பது நிருவாகப் பணி அன்று. ஆய்வின் முதல் பகுதியே அதுதான்.

ஆளெடுக்கும் அமைப்புகளுக்கும், நாளை இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்கப்போகும் மாணவர்களுக்கும் பயன்படும் என்னும் நோக்கில் இதை எழுதுகிறோம்.

தலைமையும் கண்டறிதலும்

தலித் மக்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், பறையர்களின் நிலை குறித்து 1891இல் எழுதிய குறிப்பு, 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணைக்கு இட்டுச்சென்றது. அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. ஊருக்கு வெளியே நின்று பார்த்தவர். எனினும், மிராசுதாரின் பிடியில் இருக்கும் நிலத்துக்கும் சேரி மக்களின் அடிமைநிலைக்கும் உள்ள தொடர்பை ஆவணங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். வெளியாள் என்பதாலேயே ஒருவர் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. அந்த நிலங்கள் பின்னர் யார் கைக்குப் போயின என்பது தனிக் கதை. அதை ஆராய்ந்தவர்களும் போராடியவர்களும் தலித்துகளே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழு இதைவிட முதன்மையானது. தீண்டாமை குறித்தும், பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலை குறித்தும் ஆராய்வதற்கான அக்குழுவுக்குக் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற இளையபெருமாள் தலைமை ஏற்றார். தலைமை ஏற்றவரே தீண்டாமையை அனுபவித்தவர். அவர் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். 1969இல் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை, 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் பல்லில்லாமல் இருப்பதை எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாகவே அச்சட்டம் திருத்தப்பட்டு, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரையே, தமிழ்நாடு அரசு அறநிலையத் துறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தீண்டாமை பற்றிய ஆய்வு கோயில் கருவறை வரை போக வேண்டும் என்று ஒரு பொருளாதார வல்லுநருக்குத் தோன்றியிருக்குமா? நமக்கு ஐயமே.

பிற்கால ஆய்வுகளில் மூன்றைத் தலைமை ஆய்வாளராக வரவிரும்பும் எவரும் படித்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம். முதலாவது, ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி கே.பி. சக்சேனா தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக 2004இல் அளித்த அறிக்கை. அரசு இயந்திரத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அந்த இயந்திரம் சட்டத்தை எவ்வாறு முடக்குகிறது என்று எழுதியது அதன் வலிமை. இரண்டாவது, 11 மாநிலங்களில் 565 ஊர்களில் நடத்தப்பட்டு 2006இல் நூலாக வந்த ஊரகத் தீண்டாமை ஆய்வு. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஊர்களில் தலித்துகள் காவல் நிலையத்துக்குள் நுழையவே தடை இருப்பதை அது பதிவு செய்தது. மூன்றாவது, அலாய்சியஸ் இருதயம், ஜெயஸ்ரீ மங்குபாய், ஜோயல் லீ ஆகியோர் நான்கு மாநிலங்களைச் சேர்ந்த 500 தலித் பெண்களிடம் நேரில் கேட்டு எழுதியது. அவர்கள் ஆராய்ந்த வன்முறை நிகழ்வுகளில் நீதிமன்றத் தண்டனை வரை சென்றவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து தொடங்கியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. ஏனெனில், புகாராகவே மாறாத வன்முறை பதிவேட்டில் இருப்பதில்லை. பெண்களிடமிருந்து தொடங்கியதால்தான் அது கிடைத்தது.

ஓர் எண்ணை எப்படிப் படிப்பது

ஆய்வு என்பது அலமாரியில் உறங்கும் அறிக்கை என்று நினைப்பவர்கள் 2018ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவு செய்வதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும், கைது செய்ய முன் அனுமதி வேண்டும் என்றும் கூறியது. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற முடிவுக்கு அத்தீர்ப்பு எடுத்துக்கொண்ட ஆதாரங்களுள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களும் அடக்கம். காவல்துறை 'பொய்ப் புகார்' என்று முடித்துவைத்தவை இத்தனை, விடுதலையில் முடிந்த வழக்குகள் இத்தனை என்னும் அதே எண்கள்தாம்.

ஏப்ரல் 2 நாடு தழுவிய போராட்டம், அதில் போன உயிர்கள், ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சேர்த்த 18-அ பிரிவு, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது, 2020 பிப்ரவரியில் 18-அ செல்லும் என்று தீர்ப்பளித்தது ஆகிய அனைத்தும் அதன்பின் நடந்தவை. நாம் இங்கே சுட்ட விரும்புவது ஒன்றை மட்டும். குறைந்த தண்டனை விகிதத்தை 'பொய் வழக்குகள் மிகுதி' என்றும் படிக்கலாம். 'புலனாய்வு தோற்றது, சாட்சிகள் மிரட்டப்பட்டனர், அரசு வழக்குரைஞர் அக்கறை காட்டவில்லை' என்றும் படிக்கலாம். எண் தானாகப் பேசாது. ஒரு புகார் 'பொருண்மைப் பிழை' என்று முடிக்கப்பட்டால், அம்முடிவை எழுதியவர் யார், புகார்தாரருக்கு அறிவிப்பு போயிற்றா, அதே நாளில் அவர்மீது எதிர்வழக்கு பதிவாகியிருந்ததா என்று கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரே அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியும்.

2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக நாடெங்கும் பதிவானவை 57,582. இதை வைத்துக்கொண்டு மாநிலங்களை வரிசைப்படுத்தும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. பதிவு கூடுதலாக இருக்கும் மாநிலத்தில் வன்கொடுமை கூடுதலா, அல்லது புகார் கொடுக்கும் துணிவும் அமைப்பும் கூடுதலா என்பதை இந்த எண் சொல்லாது. இந்தக் கேள்வியை எழுப்பாமல் வரிசைப்படுத்துகிறவர், பட்டம் எதுவாயினும், தலைமை ஆய்வாளர் ஆகத் தகுதியற்றவர் என்பது நம் கருத்து.

அணுகலின் படிகள்

'நீதியை அணுகுதல்' என்னும் தொடர் உலகளவில் 1970களில் பெருவழக்குக்கு வந்தது. மௌரோ கப்பெல்லெட்டி தலைமையில் ஃபுளோரன்ஸ் நகரை மையமாகக் கொண்டு நடந்த ஒப்பாய்வு அதற்கு அடித்தளம் இட்டது. ஏழைகளுக்குச் சட்ட உதவி, பரவலான நலன்களுக்கான வழக்காடல், நடைமுறைகளை எளிமையாக்கல் என்று அவ்வாய்வு வகுத்த 'மூன்று அலைகள்' இன்றும் பாடநூல்களில் உள்ளன. அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974இல் எழுதிய கட்டுரை, நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்க்கும் ஒரே ஒருமுறை வருகிறவர்க்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை விளக்கியது. இதே கேலன்டர்தான் இந்தியாவின் தீண்டாமைச் சட்டங்களையும் இட ஒதுக்கீட்டையும் ஆழ்ந்து ஆராய்ந்தவர் என்பதை நம் மாணவர்கள் பலர் அறிவதில்லை.

ஆனால், இக்கோட்பாடுகள் வறுமையையும் அறியாமையையும் முதன்மைத் தடைகளாகக் கொள்கின்றன. இந்தியாவில் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அப்படியிருந்தும் ஏன் நீதி கிட்டுவதில்லை? வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது அதற்கான முழு விடை அன்று. புகார் கொடுத்த மறுநாள் கூலி வேலை நின்றுபோகும், கடையில் பொருள் தர மறுப்பார்கள், பால் ஊற்ற மறுப்பார்கள் என்பது விடையின் பெரும்பகுதி. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தனிக் குற்றமாயின. அக்குற்றத்துக்கு எத்தனை வழக்குகள் பதிவாகின்றன என்று தேடத் தோன்றுவது, புறக்கணிப்பு எவ்வாறு நடக்கும் என்று அறிந்தவர்க்கே.

ஆகவே, ஆய்வாளர் படிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதா, மனு ரசீது மட்டும் தரப்பட்டதா? பதிவானால், சாதி குறித்த பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா? விதி 7 கூறுவதுபோல் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி தாமே புலனாய்வு செய்தாரா, ஆய்வாளர் எழுதியதில் கையொப்பம் இட்டாரா? 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானதா? பிணை மனுவின்போது 15-அ பிரிவுப்படி பாதிக்கப்பட்டவர்க்கு அறிவிப்பு தரப்பட்டதா? இந்த அறிவிப்பு கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஏழு நாட்களுக்குள் தர வேண்டிய உடனடித் தீருதவி எந்தத் தேதியில் கைக்கு வந்தது? குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை என்று 2016இல் வகுக்கப்பட்ட தீருதவி, பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என மூன்று கட்டங்களில் தரப்படுகிறது. ஆக, எந்தப் பிரிவில் வழக்குப் பதிவானது என்பது தீருதவியின் அளவையும், புலனாய்வின் தாமதம் அதன் காலத்தையும் தீர்மானிக்கின்றன. இந்தத் தேதிகளை ஒரே அட்டவணையில் வைத்துப் பார்த்தாலே ஒரு மாவட்டத்தின் நிருவாகம் எப்படி இயங்குகிறது என்பது புலப்பட்டுவிடும். இதற்கு நுட்பமான புள்ளியியல் தேவையில்லை.

சிறப்பு நீதிமன்றங்கள் வேறொரு படி. குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதங்களுக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. சட்டத்தின் நடைமுறை குறித்த ஒன்றிய அரசின் அறிக்கையே, 14 மாநிலங்களின் 498 மாவட்டங்களில் 194இல் மட்டுமே தனிச் சிறப்பு நீதிமன்றங்கள் இருப்பதாகக் கூறியது. எஞ்சிய மாவட்டங்களில் அமர்வு நீதிமன்றத்தின் நூறு வழக்குகளோடு நூற்றொன்றாக வன்கொடுமை வழக்கும் நிற்கிறது.

வழக்குகள் கற்பிப்பவை

தலைமை ஆய்வாளருக்கு எத்தகைய அறிவு வேண்டும் என்பதைத் தகுதிப் பட்டியலைவிட வழக்குகளே நன்கு சொல்கின்றன.

1992 சூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடி ஊரையே சூறையாடின. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டனர். ஊரே சந்தனக் கடத்தல்காரர்கள் என்பது அரசுத் தரப்பின் கதை. அக்கதை உடைந்தது எப்படி? மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் தொடர்ந்து சென்றனர். தேசியப் பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் விசாரித்து, பெண்களின் கூற்று நம்பத்தக்கது என்று அறிக்கை அளித்தார். அரசு ஊழியர் ஒருவர், அரசு ஊழியர்கள்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டை, எழுத்தறியாத பெண்களின் வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டு உறுதிசெய்தார் என்பதை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். அதன்பின் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுப் பிரிவு வழக்கை ஏற்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில், நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். 31 ஆண்டுகள். இவ்வழக்கைத் 'தண்டனை' என்ற ஒற்றைக் கட்டத்தில் போட்டு வெற்றி என்று எண்ணும் ஆய்வு எதைத் தவறவிடுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

மேலவளவு வேறொரு பாடம். தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் 1997 சூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். ஆனால், தண்டனை இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்தான். சாதிக்காகவே நடந்த கொலை, சட்டத்தின் கண்ணில் சாதிக் கொலையாகவில்லை. 2006இல் நடந்த கயர்லாஞ்சிப் படுகொலையிலும் நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஏற்கவில்லை. 3(2)(v) பிரிவில் முன்பு 'சாதியின் காரணமாக' என்னும் பொருள்பட இருந்த சொற்கள், 2016 முதல் 'இன்ன சாதியைச் சேர்ந்தவர் என்று அறிந்தே' என்னும் பொருளுக்கு மாற்றப்பட்டன. இம்மாற்றத்தின் முன்னும் பின்னும் தீர்ப்புகள் எவ்வாறு மாறின, அல்லது மாறவில்லை என்று ஒப்பிடுவதே ஒரு முழு ஆய்வுக்குரிய பொருள். மேலவளவு வழக்கில் தண்டிக்கப்பட்டோரில் 13 பேர் 2019இல் முன்விடுதலை செய்யப்பட்டனர். தண்டனைக்குப் பின்னும் நீதி பறிபோகலாம் என்பதால், ஆய்வின் எல்லை தீர்ப்போடு முடியக் கூடாது.

கண்ணகி – முருகேசன் கொலை நடந்தது 2003இல். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021இல். கொன்றவர்களோடு, வழக்கைத் திசைதிருப்பிய காவல் அதிகாரிகள் இருவரும் அதில் தண்டிக்கப்பட்டனர். கோகுல்ராஜ் வழக்கில் முதன்மைச் சாட்சி பிறழ்ந்தார். அப்படியிருந்தும் 2022இல் பத்துப் பேர் ஆயுள் தண்டனை பெற்றனர் என்றால், கண்காணிப்புக் கேமராப் பதிவு முதலிய சான்றுகளுக்கும், தாயின் கோரிக்கையை ஏற்று அமர்த்தப்பட்ட சிறப்பு அரசு வழக்குரைஞருக்கும், வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டதற்கும் அதில் பங்குண்டு. பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம் என்னும் விதி 4(5) பற்றித் தெரியாமல், 'சாட்சிகள் பிறழ்வதே தோல்விக்குக் காரணம்' என்று எழுதி முடிக்கும் ஆய்வுகள் ஏராளம்.

வேங்கைவயல் இன்னும் முடியாத வழக்கு. 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டது. 2025 சனவரியில் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குடியிருப்பு மக்களும் பல அமைப்புகளும் அதை ஏற்க மறுத்தனர். இத்தகைய வழக்கில் ஆய்வாளர் எந்த முன்முடிவும் இன்றிக் கோப்பைப் படிக்க வேண்டும். அதே நேரத்தில், மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பதையும் தரவாகவே கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யக் கூடியவர்கள் அரிது.

தேர்வை எப்படி நடத்துவது

முதலில் அறிவிப்பைத் திருத்த வேண்டும். 'முனைவர் பட்டம் அல்லது வன்கொடுமை வழக்குகளில் பத்தாண்டுப் பணி' என்று இரண்டையும் சமநிலையில் வைக்கலாம். கீழமை நீதிமன்றத்தில் வழக்காடும் தலித் பெண் வழக்கறிஞருக்குப் பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை இருக்காது. ஆனால், குற்றப்பத்திரிகையின் எந்தப் பக்கத்தில் ஓட்டை போடப்பட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அறிவிப்பு தமிழிலும் வெளிவர வேண்டும். தமிழில் வாக்குமூலம் கேட்டு ஆங்கிலத்தில் சுருக்கும்போது எது உதிர்கிறது என்று அறியாதவர் தலைமை ஏற்பது இடர்.

தலித்துகள்தாம் தலைமை ஏற்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். அப்படித் தொடங்குவதே முறை என்பது நம் நிலைப்பாடு. சாதி அனுபவம் ஒரு சான்றிதழ் என்பதால் அன்று. ஆய்வு என்னும் தொழிலில் தலித்துகள் காலங்காலமாகத் தரவு தருபவர்களாகவே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதால். களத்தில் பெயர்களைத் திரட்டித் தந்த ஊர்த் தோழர் அறிக்கையின் நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்குவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆயினும் 'தலித்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. அருந்ததியர், புதிரை வண்ணார் ஆகியோருக்கும், பழங்குடியினருள் இருளர் போன்றோருக்கும் காவல் நிலையம் காட்டும் முகம் வேறுவேறு. பெரிய சாதிகளைச் சேர்ந்தவர்களே நிரம்பிய தலித் ஆய்வுக் குழு, எண்ணிக்கையில் சிறிய சாதிகளின் வன்கொடுமைகளைக் காணத் தவறக்கூடும். குழுவின் சேர்க்கையையும் தேர்வுக் குழுவின் சேர்க்கையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வல்லுறவு வழக்குகளில் பெண்களோடு பேசும் பொறுப்பு பெண் ஆய்வாளர்களிடமே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதிகளையே நாடும் வழக்கம் அரசுக்கு உண்டு. கல்வி நிலையங்களில் சாதி வன்முறை குறித்து ஆராய நியமிக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு 2024இல் அளித்த விரிவான அறிக்கை, அவ்வழக்கம் பயன் தரவும் கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டு. அங்கே பயன் தந்தது பதவி அன்று. அவருடைய பொதுவாழ்வின் பின்னணி. பதவியை மட்டும் பார்த்து அமைக்கப்பட்ட ஆணையங்கள் எப்படி முடிந்தன என்பதற்கு 1999 தாமிரபரணிப் படுகொலை விசாரணை ஆணையத்தை நினைத்துக்கொண்டாலே போதும். 17 உயிர்கள் போன நிகழ்வில் காவல்துறையைக் குற்றத்திலிருந்து விடுவித்த அறிக்கை அது.

நேர்காணலுக்கு முன் ஒரு தேர்வு வைப்பது நல்லது. முடிந்துபோன ஒரு வழக்கின் முதல் தகவல் அறிக்கை, சாட்சி வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகியவற்றைப் பெயர்களை மறைத்து விண்ணப்பதாரரிடம் கொடுத்து, அரை நாள் அவகாசத்தில் நான்கு பக்கம் எழுதச் சொல்ல வேண்டும். எங்கே எந்த அதிகாரி எந்த விதியை மீறினார், 4ஆம் பிரிவின்கீழ் அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா, இன்னும் எந்த ஆவணம் தேவை, அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எப்படிக் கேட்பது என்பவை அதில் வர வேண்டும். பொத்தாம்பொதுவாக 'காவல்துறையின் மெத்தனம்' என்று எழுதுகிறவருக்கும், 'நிகழ்விடத்தைத் துணைக் கண்காணிப்பாளர் பார்வையிட்டதற்கான குறிப்பு கோப்பில் இல்லை' என்று எழுதுகிறவருக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

நேர்காணலில் கேட்கத்தக்க ஒரு கேள்வியை மட்டும் இங்கே தருகிறோம். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல்துறைக்கு இடமளிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவுக் குற்றங்களுக்கு உச்ச தண்டனை ஐந்தாண்டு. அப்படியானால் 2018இல் வாசல் வழியே வெளியேற்றப்பட்டது இப்போது சன்னல் வழியே வருகிறதா? 18-அ பிரிவையும், இச்சட்டம் பிற சட்டங்களுக்கு மேலானது என்னும் 20ஆம் பிரிவையும் காட்டி, நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை எப்படி அளப்பேன் என்று விளக்குகிறவர், சட்டத்தையும் ஆய்வு முறையையும் ஒருங்கே அறிந்தவர்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது, விண்ணப்பதாரர் முன்பு பணியாற்றிய வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பத்திடமிருந்து வாய்மொழியாகப் பெறப்பட வேண்டும். பேட்டி எடுத்துவிட்டுப் போனவர் திரும்ப வந்தாரா என்று அவர்களிடம் கேட்டாலே போதும்.

ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டியவை

நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போடுவது பரவலாக நடப்பது. முடிவுகளை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு, நிதி தருவோரின் ஒப்புதல் தேவையில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி என்றால், 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நிருவாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடைசெய்யப்பட்டது. மாவட்டங்களில் இயங்கும் சிறு தலித் அமைப்புகளைப் பங்காளிகளாகச் சேர்த்து ஆய்வு நடத்தும் வழி இதனால் அடைபட்டிருக்கிறது. அவ்வமைப்புகளின் தோழர்களை நேரடியாக ஆய்வுக் குழுவில் ஊதியத்துடன் அமர்த்துவதே எஞ்சியுள்ள வழி. ஆய்வை முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்புகளில் களத் தரவு திரட்டுவோர், பகுப்பாய்வோர் ஆகியோரின் ஊதியம் நிருவாகச் செலவில் சேராது என்று விதிகள் கூறுவதையும் கணக்கரிடம் நினைவூட்ட வேண்டும்.

வல்லுறவுக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளிப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ் குற்றம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், உறவு, நிகழ்ந்த நாள் ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால் ஆள் தெரிந்துவிடக் கூடாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சாட்சிகளிடம் எடுக்கும் விரிவான பேட்டி, குறுக்கு விசாரணையில் அவர்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும். ஆகவே, எந்தெந்த வழக்குகளில் பேட்டி எடுக்கக் கூடாது என்று அவர்களின் வழக்கறிஞரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். பேட்டிக்காக ஒரு நாள் கூலியை இழப்பவர்க்கு அந்தக் கூலி தரப்பட வேண்டும். குழுவில் இருப்பவர்களும் கொலைகளையும் வல்லுறவுகளையும் மாதக்கணக்கில் கேட்டு எழுதுகிறவர்களே. அவர்களுக்கான ஓய்வும் மனநல ஆலோசனையும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

பாதிக்கப்பட்டோர் தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர்களின் உரிமை என்கிறது 15-அ(12). ஆய்வுக் குழுவை 'உனக்கு இங்கே என்ன வேலை' என்று கேட்கும் காவல் ஆய்வாளரிடம் காட்டுவதற்கு இதன் தமிழ்ப் படி ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

கால அட்டவணை பற்றி ஒன்று. விதி 17இன்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், விதி 16இன்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும். ஆய்வின் இடைக்கால முடிவுகளை இக்கூட்டங்களுக்கு முன்பே, மாவட்ட வாரியாக, தமிழில், உறுப்பினர் கையில் கிடைக்கும்படி திட்டமிட வேண்டும். கூட்டம் நடக்கவில்லை என்றால், நடக்கவில்லை என்பதையும் அதன் தேதியோடு அறிக்கையில் சேர்க்கலாம்.